பிள்ளை ஆரோடு? வன்னியில் கோட்டுப் படி ஏறுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

என் தங்கச்சியின் மூத்த மகளுக்கு அப்போது பத்து வயது. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி மூன்று வயது மகனைத் தூக்கிக்கொண்டு புதுக்குடியிருப்பில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். மகள் விசுவமடுவில் தகப்பனோடு நின்றுவிட்டாள். வழக்கு வைத்து நாலு மாதம் கழித்து, பிள்ளையின் நிலைமையை நீதிபதிக்கு அறிக்கையாக எழுதும் நன்னடத்தை உத்தியோகத்தர் அந்த வீட்டுக்குப் போனார். சண்டை, குடி, காசு எதையும் அவர் பிள்ளையிடம் கேட்கவில்லையாம். “காலமையில உங்களுக்குத் தலை இழுத்துவிடுறது ஆர்?” என்று கேட்டிருக்கிறார்.

“அப்பாதான். அவருக்கு ரெண்டு பின்னல் போட வராது, ஒண்டுதான் போடுவார். பள்ளிக்கூடத்தில பேச்சு விழும். பக்கத்து வீட்டு அன்ரி கழட்டித் திருப்பிப் போட்டுவிடுவா.”

அறிக்கையில் அந்த வரி அப்படியே இருந்தது. அத்தானின், அதாவது தங்கச்சியின் புருசனின், குற்றங்களை நாங்கள் பதினொரு பக்கத்துக்கு அடுக்கியிருந்தோம். நீதிபதி வாசித்துக் காட்டியது பின்னல் கதையைத்தான். எங்களுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது, ஏனென்றால் அந்த வரியில் தங்கச்சி இல்லை.

நான் சட்டத்தரணி இல்லை. அந்த வழக்குக்குப் பிறகு அயலில் ஏழெட்டுப் பேரோடு கோடு (நீதிமன்றம்), கச்சேரி என்று அலைந்த ஆள். முதன்முதலாகப் போகிறவர்கள் தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எந்தக் கோடு என்று தெரிந்துகொள்ளுங்கள்

பொலிஸ் நிலையம் கோடு இல்லை. “பிள்ளை தாயோட நிக்கட்டும், நீர் ஞாயிற்றுக்கிழமையில போய்ப் பாரும்” என்று பொறுப்பதிகாரி சொன்னால் அது அவருடைய யோசனை. விதானையார் (கிராம உத்தியோகத்தர்) முன்னால், கோயில் தலைவர் முன்னால் எழுதிக் கையெழுத்து வைத்த கடதாசிக்கும் அவ்வளவுதான் பெறுமதி. ஆனால் பொலிஸில் போட்ட முறைப்பாட்டின் பிரதி பின்னுக்கு உதவும், எடுத்து வையுங்கள்.

நீதவான் நீதிமன்றத்தில் நடப்பது தாபரிப்பு வழக்கு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் பிள்ளையின் செலவுக்குக் காசு கேட்கலாம். 18 வயது வரைக்கும் கேட்கலாம். தன்னைத் தானே பார்க்க வழியில்லாத பிள்ளை 25 வயது வரை கேட்கலாம். தாயும் தகப்பனும் பதிவுத் திருமணம் செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் பிள்ளை யாரோடு இருப்பது என்பதை அந்த வழக்குத் தீர்க்காது. தாபரிப்புக் கட்டளை கையில் இருந்தால் பிள்ளையும் தன் பொறுப்புத்தான் என்று நினைத்து இரண்டு வருசம் இருந்த ஒரு அக்காவை எனக்குத் தெரியும்.

வீட்டில் அடி உதை என்றால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்பதும் நீதவான் நீதிமன்றத்தில்தான். அது 12 மாதம் வரை செல்லும். உயிர்ப்பயம் இருப்பவர்கள் மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

பிள்ளையின் கட்டுக்காப்பு, அதாவது யார் வளர்ப்பது, மற்றவர் எப்போது பார்ப்பது என்பதெல்லாம் மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. விவாகரத்து வழக்கு அங்கே நடந்தால் அதற்குள்ளேயே கேட்கலாம். விவாகரத்து வேண்டாம், பிள்ளை விசயம் மட்டும் தீர்ந்தால் போதும் என்றாலும் அங்கேதான் மனு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலு இடத்திலும் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது.

ஒருவர் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் ஒளித்துவைத்தால் ஆட்கொணர்வு மனு என்று ஒன்று உண்டு. மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும், மாகாணத்துக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் இருக்கிறது. கொழும்பில் போட்டாலும், “இது மாவட்ட நீதிமன்றம் பார்க்க வேண்டிய விசயம், அங்கே போங்கள்” என்று திருப்பிவிட அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரையிலேயே இடம் இருக்கிறது. ஆகவே எடுத்த எடுப்பில் காணியை ஈடுவைத்துக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை.

சட்டம் யார் பக்கம்?

“நாங்கள் வடக்குத் தமிழர், எங்களுக்குத் தேசவழமைதானே” என்று பலர் கேட்பார்கள். தேசவழமை சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்று சொத்துப் பக்கம் பேசும். பிரிந்துபோன தாய் தகப்பனில் யாரிடம் பிள்ளை என்பது ஒல்லாந்தர் விட்டுப்போன உரோம டச்சுச் சட்டத்தின் வழியில் வருகிறது. அதன் பழைய நிலைப்பாடு தகப்பனுக்குச் சாதகமானது. திருமணம் நிலைத்திருக்கும் வரை தகப்பனே இயற்கைப் பாதுகாவலன், அவனிடமிருந்து பிள்ளையை எடுக்க வலுவான காரணம் வேண்டும் என்பது அது. இன்றைக்கும் சில சட்டத்தரணிகள் அதை எடுத்துப் பேசுவார்கள், பயந்துவிடாதீர்கள். நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனை மேலே கொண்டுவந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. 1991இல் இலங்கை சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, பிள்ளை சம்பந்தப்பட்ட எல்லா விசயத்திலும் பிள்ளையின் நலனே முதன்மை என்று நேரடியாகச் சொல்கிறது.

கைக்குழந்தை, பால்குடி என்றால் தாயிடம் விடுவதுதான் வழமை. கூடப்பிறந்தவர்களைப் பிரிக்க நீதிபதிகள் விரும்புவதில்லை. பிள்ளை இருந்து பழகிய வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் குலைக்கவும் யோசிப்பார்கள். இந்த மூன்றும் ஒன்றோடு ஒன்று மோதும் வழக்குகளும் வரும். எங்களுடையது அப்படித்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் விவாகரத்துச் சட்டம் குற்றத்தை அடிப்படையாகக் கொண்டது. கல்யாணத்துக்குப் பின்னான பிறதொடர்பு, வன்மமாகக் கைவிட்டுப் போதல், கல்யாணத்தின்போதே இருந்த தீராத உடல் இயலாமை, இவற்றில் ஒன்றைக் காட்டவேண்டும். அதனால் மனு எழுதும்போதே ஆளை ஆள் நாறடிக்கத் தொடங்குகிறோம். பிறகு அதே கையோடு, குற்றம் செய்தவருக்குப் பிள்ளை கிடையாது என்றும் முடிவுகட்டிவிடுகிறோம். நல்ல புருசனாக இல்லாதவன் நல்ல தகப்பனாக இருக்கலாம், மனுசியாக ஒத்துப்போகாதவள் பிள்ளைக்கு நல்ல தாயாக இருக்கலாம். கோடு இந்த இரண்டையும் வேறு வேறு கணக்காகத்தான் பார்க்கிறது. குடி பிள்ளையைத் தொட்டதா, அடி பிள்ளைமேல் விழுந்ததா, புதிதாக வந்தவர் பிள்ளையை எப்படி நடத்துகிறார் என்ற இடத்தில்தான் குற்றம் கட்டுக்காப்புக்குள் வருகிறது.

வன்னிக்கே உரிய இரண்டு சங்கதிகள். இயக்கத்துக்கு (புலிகளுக்கு) ஆள் பிடித்துப் போவார்கள் என்ற பயத்தில் அவசரமாகத் தாலி கட்டி, பதியாமலே விட்ட கல்யாணங்கள் எங்களிடம் நிறைய. முறையாகக் கல்யாணம் ஆகாத பெற்றோரின் பிள்ளைக்குத் தாய்தான் பாதுகாவலர். ஆனால் ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்ததைக் காட்டினால் திருமணம் நடந்ததாகவே கோடு ஊகிக்கும். ஆகவே “பதியேல்லைத்தானே” என்று எந்தப் பக்கமும் அலட்சியமாக இருக்கவேண்டாம்.

மற்றது அம்மம்மா, அப்பம்மா வளர்க்கும் பிள்ளைகள். 2009இல் தகப்பன் காணாமல் போய், தாய் மறுமணம் செய்தோ வெளிநாட்டு வேலைக்குப் போயோ, பிள்ளை கிழவியின் மடியில் வளர்ந்திருக்கும். தாய் திரும்பி வந்து கேட்டால் சட்டத்தில் அவள் கை ஓங்கியது, பெற்றவள் அல்லவா. அம்மம்மா பக்கம் நிற்க விரும்பினால் பாசத்தைச் சொன்னால் போதாது, பிள்ளையைப் பெயர்த்தால் என்ன கெடும் என்று காட்ட வேண்டும். தகப்பன் காணாமல் போனவர் என்றால் 2016இல் வந்த காணக்கிடைக்காமைச் சான்றிதழை எடுத்து வையுங்கள். அது இல்லாமல் “தகப்பன் எங்கே?” என்ற கேள்விக்கே இரண்டு தவணை போய்விடும்.

கடதாசிகள்

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, விதானையாரின் வதிவிட உறுதிப்படுத்தல். முள்ளிவாய்க்கால் வரைக்கும் இடம்பெயர்ந்ததில் தொலைந்தவற்றின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். பதிவே இல்லை என்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றி அங்கேயே கேளுங்கள்.

இதுவரை எல்லோரும் கொண்டுபோவார்கள். பலர் விட்டுவிடுவது பிள்ளையின் அன்றாடத்தைக் காட்டும் கடதாசியை. தடுப்பூசி போட்ட கிளினிக் புத்தகம் யார் கையில் இருக்கிறது? தேர்ச்சி அறிக்கையில் பெற்றோர் கையெழுத்து யாருடையது? பெற்றோர் கூட்டத்துக்கு வந்த பதிவு, ரியூசன் காசு கட்டிய துண்டு, முட்டுக்கு மருந்து எடுத்த ஆஸ்பத்திரித் துண்டு, ஒரு ஷொப்பிங் பையில் போட்டு வையுங்கள். தங்கச்சியிடம் மகனின் கிளினிக் புத்தகம் இருந்தது. மகளின் கடைசி மூன்று தேர்ச்சி அறிக்கையிலும் அத்தானின் கையெழுத்து. அவள் தோட்டம், சங்கம், கடன் என்று ஓடின காலம் அது. கோட்டுக்கு அந்தக் காரணம் தெரியாது, நாங்களும் மனுவில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

சட்டத்தரணியும் மனுவும்

காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, 1978இல் இருந்து. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசுவார்கள். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ கேட்டால் வழிகாட்டுவார்கள். தனியாகச் சட்டத்தரணி பிடித்தால், தவணை அன்று தான் வராவிட்டால் யார் நிற்பார் என்று முதல்நாளே கேளுங்கள். எங்களுடையவர் ஒரு தவணைக்கு வரவில்லை, வேறு கோட்டில் பெரிய வழக்காம். ஆறு கிழமை தள்ளிப்போனது. மகளைப் பார்க்காமல் தங்கச்சி இருந்த ஆறு கிழமை அது.

மனுவோடு சத்தியக்கடதாசி, அதாவது எழுதியது உண்மை என்று சத்தியம் செய்து கையெழுத்து வைக்கும் கடதாசி, போகும். கையெழுத்து வைக்குமுன் அதை உங்களுக்குத் தமிழில் வரி வரியாக வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். “அவர் ஒருநாளும் பிள்ளையைப் பார்த்ததில்லை” என்று எழுதியிருக்கும். ஒரு கலியாண வீட்டுப் படம் போதும், நீங்கள் பொய்யர் ஆகிவிடுவீர்கள்.

முழு வழக்கு முடிய வருசங்கள் ஆகலாம். அதனால் முதல் தவணையிலேயே இடைக்காலக் கட்டளை கேளுங்கள்: வழக்கு முடியும்வரை பிள்ளை யாரிடம், மற்றவர் எப்போது பார்ப்பது, செலவுக்கு எவ்வளவு. இடைக்காலம்தானே என்று அசட்டையாக விடக்கூடாது. பிள்ளை அதில் பழகிவிடும், பழகியதைக் குலைக்கக் கடைசியில் நீதிபதி யோசிப்பார்.

உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது

நன்னடத்தை உத்தியோகத்தரிடம் நீதிபதி அறிக்கை கேட்பது வழமை. வீடு தகரக் கொட்டில் என்று வெட்கப்பட வேண்டாம். கல்வீடு இருக்கிறவருக்குத்தான் பிள்ளை என்றால் வன்னியில் பாதிப் பேருக்குப் பிள்ளை இருக்காது. பிள்ளை எங்கே படுக்கிறது, புத்தகப்பை எங்கே தொங்குகிறது, நீங்கள் வேலைக்குப் போனால் யார் பார்ப்பது, மலசலகூடம் இருக்கிறதா, இரவில் யார் யார் அந்த வீட்டில் தங்குவது என்பதைத்தான் பார்ப்பார்கள். கடலுக்குப் போகும் தகப்பன் என்றால் இரவில் பிள்ளையோடு யார் என்ற கேள்வி கட்டாயம் வரும். பதிலை யோசித்து வையுங்கள், உண்மையான பதிலை.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். விவரம் தெரிந்த வயது என்றால் நீதிபதி தன் அறையில் கூப்பிட்டுத் தனியாகக் கதைப்பார். பிள்ளை சொல்வதைக் கேட்பார், ஆனால் அதுவே தீர்ப்பு இல்லை. “அப்பா கூடாதவர், தாபரிப்புக் கட்டுறேல்லை” என்று ஏழு வயதுப் பிள்ளை சொன்னால் அந்தச் சொல் யாருடையது என்று கேட்கிறவருக்குத் தெரியாதா? “தாபரிப்பு” என்ற சொல் எந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு வாயில் வரும்?

பார்க்கிற நேரத்தை மணிக்கணக்கில் எழுதுங்கள்

இணக்கத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். “நியாயமான நேரங்களில் தகப்பன் பிள்ளையைப் பார்க்கலாம்” என்று ஒரு வரியில் முடித்துவிட்டு எல்லோரும் பஸ் ஏறிவிடுவார்கள். அடுத்த சனிக்கிழமையே சண்டை. அவருக்கு நியாயம் காலை ஏழு மணி, உங்களுக்கு நியாயம் ரியூசன் முடிந்த பிறகு.

எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் கூட்டிவருவது, யார் திருப்பி விடுவது, பஸ் காசு யாருடையது என்பதுவரை எழுதுவியுங்கள். இரண்டு குடும்பத்துக்கும் முகம் கொடுக்க முடியாதென்றால் கைமாற்றும் இடம் பொது இடமாக இருக்கட்டும்: பஸ் தரிப்பிடம், பள்ளிக்கூட வாசல். பயம் இருக்கும் வழக்கில் நன்னடத்தை அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ வைத்துப் பார்க்கும்படி கேட்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எப்படி அறிவிப்பது, அந்த நாளுக்குப் பதில் எந்த நாள், வட்ஸ்அப்பில் கிழமைக்கு எத்தனை தரம் எத்தனை மணிக்குக் கதைப்பது என்பதும் வேண்டும்.

அதோடு எங்கள் ஊரின் நாட்காட்டியைப் பாருங்கள். தவணை விடுமுறையைப் பாதிப் பாதியாகப் பிரிப்பது எல்லோரும் செய்வது. தைப்பொங்கல் ஒரு வீட்டில் என்றால் தீபாவளி மற்ற வீட்டில். வற்றாப்பளைப் பொங்கலுக்கு அப்பம்மா வீட்டில் எல்லோரும் கூடுவார்கள் என்றால் வைகாசியில் அந்த நாளை எழுத்தில் கேளுங்கள். வேதக்காரக் குடும்பம் என்றால் ஓகஸ்ட் 15 மடுத் திருநாளைக் கேளுங்கள். தகப்பன் இரணைமடுத் தண்ணியில் வயல் செய்கிறவர் என்றால் காலபோக அறுவடைக் கிழமைகளில் அவர் சனிக்கிழமை வரமாட்டார். வராதது குற்றமாகி, அது சத்தியக்கடதாசியாகி, அது வழக்காகும். அந்தக் கிழமைகளை முதலே கழித்து, ஈடாகச் சித்திரை விடுமுறையில் கூட்டி எழுதினால் இந்த வினை இல்லை.

தாபரிப்புக் காசையும் பார்க்கிற நேரத்தையும் முடிச்சுப் போடாதீர்கள். காசு வராத மாதம் பிள்ளையைக் காட்டமாட்டேன் என்பதும், பிள்ளையைக் காட்டாத மாதம் காசு இல்லை என்பதும் இரண்டுமே கட்டளை மீறல். காசுக்கு நீதவான் நீதிமன்றம் பிடியாணை போடும், சம்பளத்தில் வெட்டவும் வைக்கும். பிள்ளையைக் காட்டாததற்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுவோடு போகவேண்டும். அங்கே நீதிமன்ற அவமதிப்பு என்ற சொல் வந்தால் பிறகு உங்கள் நல்ல பெயரைக் கட்டி எழுப்புவது கடினம்.

ஒருவர் வெளிநாட்டில் என்றால்

கனடாவில், லண்டனில் இருப்பவர் நேரில் வராமலே அற்றோணித் தத்துவம் (தனக்காக நடக்க இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) கொடுத்து ஒருவரை நிறுத்தலாம். சத்தியக்கடதாசியை அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் முடித்து அனுப்பலாம். பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் பெற்றோர் இருவரின் சம்மதமும் கேட்பார்கள். ஒருவர் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றால் அதற்கும் கட்டளை கேட்க வேண்டியதுதான்.

மற்றவருக்குச் சொல்லாமல் பிள்ளையை அங்கேயிருந்து இங்கே கொண்டுவந்துவிட்டால் ஊருக்கு வந்தாயிற்று, இனி ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பிள்ளைக் கடத்தல் பற்றிய ஹேக் சமவாயத்தில் இலங்கை சேர்ந்து, அதற்காக 2001இல் 10ஆம் இலக்கச் சட்டமும் கொண்டுவந்தது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பும்படி நீதி அமைச்சு ஊடாகக் கேட்கலாம். அந்த நாடும் சமவாயத்தில் இருக்கவேண்டும் என்பது ஒரு நிபந்தனை. இங்கேயிருந்து அங்கே கொண்டுபோனவர்களுக்கும் இது பொருந்தும்.

தீர்ப்புக்குப் பிறகு

பிடிக்காவிட்டால் மேன்முறையீடு. அறிவித்தலை 14 நாளுக்குள் போடவேண்டும், மேன்முறையீட்டு மனுவை 60 நாளுக்குள். இடைக்காலக் கட்டளைக்கு எதிராக என்றால் அனுமதி கேட்கவே 14 நாள்தான். தீர்ப்பன்று அழுதுகொண்டு வீட்டுக்குப் போகுமுன் சட்டத்தரணியிடம் இந்தத் திகதிகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டுக்காப்புக் கட்டளை கல்லில் வெட்டியதும் இல்லை. பிள்ளை வளரும், வேலை மாறும், ஒருவர் மறுமணம் செய்வார். நிலைமை மாறினால் அதே கோட்டில் மாற்றக் கேட்கலாம், பிள்ளைக்கு 18 ஆகும் வரை.

எங்கள் வழக்கில் இடைக்காலக் கட்டளை, பரீட்சை முடியும்வரை மகள் விசுவமடுவில், சனி ஞாயிறு தாயிடம் என்று வந்தது. பள்ளிக்கூடத்தைக் குலைக்க நீதிபதி விரும்பவில்லை. பரீட்சை முடிந்து ஆறாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் மாறவேண்டி வந்தபோதுதான், தம்பியோடு சேர்ந்து இருக்கட்டும் என்று இருவரையும் தங்கச்சியிடம் விட்டார். அத்தானுக்கு ஒன்றுவிட்ட சனி காலை எட்டு மணியிலிருந்து ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிவரை, புதுக்குடியிருப்பு பஸ் தரிப்பிடத்தில் கைமாற்றம். போன வருசம் மகள் சாதாரணதர வகுப்புக்கு வந்தபோது சனிக்கிழமைக் கணித ரியூசன் இடித்தது. இரண்டு சட்டத்தரணிகளும் சேர்ந்து ஒரு நகர்த்தல் பத்திரம் (கோட்டிடம் கோரிக்கை வைக்கும் கடதாசி) போட்டு, சனி எட்டு மணியை மத்தியானம் ஒரு மணியாக்கினார்கள். ஒரே தவணையில் முடிந்தது. அன்றைக்கு அத்தான் வெளியே வந்து தங்கச்சியிடம் கேட்டது, “ரியூசன் காசு நான் கட்டட்டோ?” என்பதுதான். துண்டை வாங்கி வைக்கச் சொன்னேன் அவருக்கும்.